‘சிவில் கோட்’: உரிமையியல் சட்டக்கோவை எனலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

குடும்பம், சொத்து, ஒப்பந்தம் போன்றவை பற்றிய சட்டங்களை ஒரே நூலாக வகுத்த ‘சிவில் கோட்’ என்பதற்குத் தமிழாக, முந்தைய மடலில் நண்பர் முன்மொழிந்த ‘குடிமைச் சட்டத் தொகுப்பு’ என்பதில் எனக்கு முழு உடன்பாடில்லை. எங்கள் தருமபுரியில் வரப்புத் தகராற்றுக்கு நீதிமன்றம் ஏறுகிறவர் ‘சிவில் கேஸ்’ என்றுதான் சொல்வார். ஆயினும் அரசு எழுத்தில் ‘உரிமையியல்’ நிலைபெற்றுவிட்டதால் அதை இனி மாற்ற வேண்டியதில்லை. சிக்கலெல்லாம் ‘கோட்’ என்பதில்தான்.

தொகுப்பு என்பது இருப்பதைத் திரட்டி வைப்பது. உரோமச் சட்ட அறிஞர்களின் கருத்துகளை உரோமப் பேரரசர் ஜஸ்டினியன் கி.பி. 533-இல் திரட்டுவித்த ‘டைஜஸ்ட்’ தொகுப்புதான். 1804 மார்ச் 21-இல் பிறந்த பிரெஞ்சு ‘சிவில் கோட்’ அப்படிப்பட்டதன்று. அதுவரை பிரான்சின் தெற்கே உரோமச் சட்டமும் வடக்கே வட்டாரந்தோறும் வேறுபட்ட வழக்காறுகளும் நடந்துவந்தன. 1800-இல் நெப்போலியன் அமைத்த நால்வர் குழுவில் போர்த்தாலிசும் மால்வீலும் தெற்கின் மரபையும், திரோன்ஷேயும் பிகோ தெ பிரெயாமெனெவும் வடக்கின் மரபையும் அறிந்தவர்கள். இரண்டையும் புரட்சிக்காலச் சட்டங்களோடு இணைத்து 2281 விதிகளாக வரிசைப்படுத்தியபின், அந்தப் பொருள்களைப் பற்றிய பழைய சட்டங்கள் யாவும் செல்லாதவையாக்கப்பட்டன. ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இந்த வரிசையைக் ‘கோவை’ என்ற சொல் பிடித்துவிடுகிறது. காதல் நிகழ்வுகளை வரிசையாகப் பாடும் நம் கோவை நூல்களில் ஒவ்வொரு துறைக்கும் தனக்கான இடம் உண்டல்லவா? (பேருந்து நிலையத்தில் ‘கோவை, கோவை’ என்று கூவுவது நினைவுக்கு வரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.) இலங்கைத் தமிழர் ‘பீனல் கோட்’டைத் ‘தண்டனைச் சட்டக்கோவை’ என்று முன்பே வழங்குவதால், புதிதாகச் சேர்ப்பது ‘உரிமையியல்’ மட்டுமே.

இன்னொன்று: பெல்ஜியம், அமெரிக்காவின் லூசியானா, கனடாவின் கியூபெக் முதலிய இடங்களுக்குப் பரவிய இந்த மரபைச் சுட்டவும் ‘சிவில் லா’ என்றே ஆங்கிலத்தில் சொல்வதால், குற்றவியலுக்கு எதிரான பொருளோடு அது குழம்புகிறது. அதைக் ‘கோவைவழிச் சட்டமரபு’ என்றும், தீர்ப்புகளின் வழியே வளர்ந்த ஆங்கிலேய மரபை (‘காமன் லா’) ‘தீர்ப்புவழிச் சட்டமரபு’ என்றும் பிரிக்கலாம். பின்னதைப் ‘பொதுச் சட்டம்’ என்பது, பொது சிவில் சட்டம் பேசப்படும் இந்நாளில் வீண் மயக்கம் தரும். புதுச்சேரி, காரைக்காலில் பிரெஞ்சு ஆட்சியின் 1881 ஆணையின்படி தம் வழமைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் கோவைக்குள் வந்த தமிழரைப் பற்றி எழுதவும் இந்தப் பிரிப்பு உதவும்.

கோவையிலுள்ள தனி விதியை (‘ஆர்ட்டிக்கிள்’) ‘பிரிவு’ என்பதா, நம் அரசமைப்பின் தமிழாக்கத்தில் உள்ளபடி ‘உறுப்பு’ என்பதா? என் சாய்வு உறுப்பின் பக்கம். மறுப்பிருந்தால் எழுதுங்கள்.