ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பேனில் ஆயில் கசிவு: போல்ட்டை இறுக்கினால் நிற்குமா?

டீசல்தம்பி:
வணக்கம். என்னுடையது 2013 மாடல் ஜெர்மன் டீசல் செடான், எட்டு கியர் ஆட்டோமேட்டிக், இசட்எஃப் கம்பெனியின் 8எச்பி வகை. 1,10,000 கி.மீ. ஓடியிருக்கிறது, செகண்ட் ஹேண்டில் வாங்கியதால் கியர்பாக்ஸ் ஆயில் எப்போதாவது மாற்றினார்களா என்று தெரியாது. கொஞ்ச நாளாக வண்டி நிற்கும் இடத்தில், முன் சீட்டுகளுக்கு நடுப்பகுதிக்குக் கீழே தரையில் ஆயில் சொட்டு. ஓட்டும்போது குறை ஒன்றும் தெரியவில்லை, காலையில் ரிவர்ஸ் போட்டால் மட்டும் ஒரு நொடி யோசித்துவிட்டு நகர்கிறது. ஒரு மெக்கானிக், பேன் (கியர்பாக்ஸுக்கு அடியில் ஆயில் தேங்கும் தட்டு) போல்ட்டை எல்லாம் நன்றாக இறுக்கி, ஓரத்தில் சிலிக்கான் பேஸ்ட் பூசிவிடலாம் என்கிறார். இன்னொருவர் பேனையே மாற்றணும் என்கிறார். எதைக் கேட்பது?

கிண்டி கியர்பாக்ஸ்:
தம்பி, முதலில் அந்த இறுக்குகிற வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். இந்த பாக்ஸில் பெரும்பாலும் பேன் பிளாஸ்டிக்தான். பல வருஷம் சூட்டில் கிடந்து ஓரம் லேசாக வளைந்திருக்கும், ரப்பர் பேக்கிங்கும் விறைத்துப் போயிருக்கும், இதற்கு மேல் இறுக்கினால் விரிசல் விடும், இல்லை அலுமினிய பாடியில் உள்ள மரை போய்விடும். மரை போனால் செலவு எங்கேயோ போகும்.

அடுத்தது, கசிவது பேன்தானா என்று பார்த்தீர்களா? பேனுக்கு மேலே பக்கவாட்டில் ஒயரிங் கனெக்டர் உள்ளே போகிற இடத்தில் ஒரு சீல் இருக்கிறது, அது கசிந்தாலும் ஆயில் வழிந்து பேன் ஓரத்தில்தான் வந்து தொங்கும். கூலர் பைப் இணைப்பு, பின்னால் ஷாஃப்ட் சீல், இன்ஜினின் பின்பக்க சீல் எல்லாமே அப்படித்தான், ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் தள்ளிவிடும். ஆக நனைந்த இடங்களில் எது மேலேயும் முன்னாலேயும் இருக்கிறதோ அதைத்தான் சந்தேகப்படணும். பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்துக் காயவிட்டு, முகப் பவுடரைத் தூவி கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுப் பாருங்கள், கோடு எங்கிருந்து தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். சொட்டு கறுப்பாக இருந்தால் அது அநேகமாக இன்ஜின் ஆயில், டீசல் வண்டியில் அது சீக்கிரமே கறுத்துவிடும்.

ரிவர்ஸ் தாமதத்தைச் சாதாரணமாக விடாதீர்கள். ஆயில் குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும், பிரஷர் ஏறாமல் கிளட்ச் வழுக்கும், வழுக்கினால் கருகும். லெவல் சரியாகும் வரை நெடுந்தூரம் வேண்டாம்.

சேலம் வேன்:
எங்கள் வேன் பழைய நான்கு கியர் ஆட்டோமேட்டிக், தகர பேன். அதில் முந்தைய ஆள் இறுக்கி இறுக்கி போல்ட் துளையைச் சுற்றிக் குழி விழுந்திருந்தது. புது பேக்கிங் போட்டும் கசிந்தது. பேனைக் கழற்றி ஓரத்தை மரக்கட்டை மேல் வைத்து சுத்தியலால் மெதுவாகத் தட்டிச் சமமாக்கி, ஸ்கேல் வைத்துப் பார்த்துப் போட்ட பிறகு நின்றது. உங்களுடையது பிளாஸ்டிக் என்றால் தட்ட வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். ஸ்பீடு பிரேக்கரில் அடி வாங்கியதா, யாராவது பேனுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினார்களா என்பதையும் பாருங்கள்.

டீசல்தம்பி:
நன்றி அண்ணா. பவுடர் போட்டுப் பார்த்தேன். கனெக்டர் பக்கம், கூலர் பைப் எல்லாம் காய்ந்துதான் இருக்கிறது, பேனும் பாடியும் சேரும் இடத்தில் இடது மூலையில்தான் ஈரம் தொடங்குகிறது. அப்படியானால் பேக்கிங் மட்டும் வாங்கினால் போதுமா? வீட்டிலேயே செய்யலாமா?

கிண்டி கியர்பாக்ஸ்:
அப்படியென்றால் பேன்தான். பேக்கிங் மட்டும் வேண்டாம், இதில் ஃபில்டர் பேனுக்குள்ளேயே சேர்ந்து வருகிறது, முழு பேனாக மாற்றினால் ஃபில்டர், பேக்கிங் எல்லாம் புதிதாகிவிடும். இசட்எஃப்பே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது, அதுவும் இதோடு முடிந்துவிடும். லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

லிஃப்ட்டும் ஸ்கேனரும் இல்லாமல் வீட்டில் செய்யாதீர்கள். வண்டியைச் சமமாகத் தூக்கணும், ஆயில் சூட்டை ஸ்கேனரில் பார்க்கணும். வடிப்பதற்கு முன்பே ஃபில்லர் போல்ட் (ஆயில் ஊற்றும் துளையை மூடும் போல்ட்) கழல்கிறதா என்று திறந்து பார்க்கச் சொல்லுங்கள், வடித்த பிறகு அது பிடித்துக்கொண்டால் வண்டி லிஃப்ட்டிலேயே நிற்கும். பாடியின் முகத்தை நன்றாகத் துடைத்து, பேக்கிங்கைப் பேஸ்ட் எதுவும் இல்லாமல் உலர்வாகப் போடணும். சிலிக்கான் உள்ளே பிதுங்கி உடைந்தால் ஆயில் வழிகளில் போய் அடைக்கும். போல்ட்டுகளை டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) வரிசைப்படி, உங்கள் பாக்ஸ் எண்ணுக்குரிய அளவில் இறுக்கணும், பழைய போல்ட்டும் வடிகால் பிளக்கும் திரும்ப வேண்டாம்.

ஃபில்லர் துளையில் ஆயில் நிரம்பி வழிந்ததும் மூடிவிடக் கூடாது. இன்ஜின் ஓடிக்கொண்டே, ரிவர்ஸ், டிரைவ் என்று ஒவ்வொன்றிலும் சில நொடி நிறுத்தி, மறுபடி ஊற்றி, ஆயில் சூடு 30-லிருந்து 50 டிகிரிக்குள் இருக்கும்போது மெல்லிய கோடாக வழிந்தால் மூடணும். சூட்டில் ஆயில் விரியும், 60 டிகிரியில் மூடினால் குறைவாகத்தான் இருக்கும். நம் ஊர் வெயிலில் இது சட்டென்று தாண்டிவிடும், அதனால் முந்தைய நாள் மாலையே வண்டியை விட்டுவிட்டு காலையில் முதல் வேலையாகச் செய்யச் சொல்லுங்கள்.