அத்திப்பழ பார் குக்கீ: மேல சிவக்குது, அடி களியா இருக்கு. உதவி தேவை

கேள்வி (கே.கே.நகர்):
8 இன்ச் சதுர டின், ஓ.டி.ஜி. அடுப்பு (மேலயும் கீழயும் சூடாகுற ராடு இருக்கிற சின்ன மின் அடுப்பு). மைதா 200 கிராம், ஓட்ஸ் 80, வெண்ணெய் 140, நாட்டுச் சர்க்கரை 90. புது அத்திப்பழம் அரை கிலோ, சர்க்கரை 80 கிராம், பத்து நிமிஷம் கிளறி, சூட்டோட மாவு மேல பரப்பினேன். 180 டிகிரி, 35 நிமிஷம். வெட்டினா பழம் வழியுது, அடி வேகவே இல்லை.

பதில் (திருநகர்):
பழம்தான் காரணம். புது அத்தியில அஞ்சுல நாலு பங்கு தண்ணி. பத்து நிமிஷத்துல அது சுண்டாது. அகலமான, அடி கனமான வாணலியில, மிதமான தீயில 25-30 நிமிஷம் ஆகும். கடிகாரத்தை விட தராசு நல்லது: ஏத்தும்போது 580 கிராம்னா, இறக்கும்போது 300 கிராமுக்குள்ள இருக்கணும். தராசு இல்லையா, கரண்டியால நடுவுல கோடு இழுங்க. மூணு விநாடியாவது வாணலி அடி தெரியணும். கடைசியில ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. அத்தியில புளிப்பு கம்மி, அது இல்லாட்டி திகட்டும்.

சோளமாவு போட்டு கெட்டியாக்கலாம்னு யாராச்சும் சொல்வாங்க, வேண்டாம். பழத்தோட ருசி மங்கிடும்.

அப்புறம், பழக்கலவை முழுசா ஆறணும். சூடா ஊத்தினா அடி மாவுல இருக்கிற வெண்ணெய் வேகுறதுக்கு முன்னாடியே உருகிடும்.

பதில் (அனுப்பானடி):
அடி மாவைத் தனியா வேகவைக்கலையே, அதுவும் ஒரு காரணம். மூணுல ரெண்டு பங்கு மாவை அழுத்தி, முள்கரண்டியால குத்தி, பழம் போடாம 175 டிகிரியில 15-18 நிமிஷம், ஓரம் பொன்னிறமாகுற வரைக்கும். ஓ.டி.ஜி.யை 15 நிமிஷம் முன்சூடு பண்ணி, இந்தச் சுற்றுக்குக் கீழ் ராடு மட்டும் போடுங்க. பழம், அதுக்கு மேல மீதி மாவை உதிரியா வெச்ச பிறகு ரெண்டு ராடும், 25-30 நிமிஷம். கண்ணாடிப் பாத்திரம்னா அடி இன்னும் தாமதமாகும், அலுமினியம் எடுங்க.

சித்திரை வெயில்ல நம்மூர் அடுப்படியில வெண்ணெய் நிக்காது. அழுத்தின டின்னை அரை மணி ஃப்ரிட்ஜுல வெச்சுட்டு உள்ள தள்ளுங்க.

கேள்வி (கே.கே.நகர்):
நன்றிங்க. மாட்டுத்தாவணியில வாங்கின பழம் கெட்டியா, காம்புல பால் வடியுது. வெச்சிருந்தா பழுக்குமா? வெண்ணெய்க்குப் பதிலா நெய் போடலாமா?

பதில் (திருநகர்):
பறிச்ச அத்தி மெத்துனு ஆகும், இனிப்பு ஏறாது. அந்தப் பால் கையில அரிக்கும். காம்பை அரை சென்டிமீட்டர் தள்ளி வெட்டிக் கழுவுங்க. காய்ப்பழம்னா 350 கிராம் எடுத்து, 100 கிராம் உலர் அத்தியை ஊறவைக்காம பொடியா நறுக்கிச் சேருங்க. தண்ணியை அதுவே இழுத்துக்கும், சீக்கிரம் சுருண்டு வரும்.

நெய் 115 கிராம் போதும், வெண்ணெயில இருக்கிற தண்ணி இதுல இல்லாததால மாவு சேர ஒரு மேசைக்கரண்டி குளிர்ந்த பால். கடிக்கிறப்போ கொஞ்சம் மணல் மாதிரி உதிரும், அது நெய்யோட குணம்.

பதில் (அனுப்பானடி):
ஆறி, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜுல இருந்த பிறகுதான் கத்தி வைக்கணும். காத்துப் புகாத டப்பாவுல, ஃப்ரிட்ஜுல நாலு நாள் நல்லா இருக்கும். வெளிய வெச்சா மறுநாளே மேல் மாவு நமுத்துடும்.