அம்புவாஸ்: லுவார் ஆற்றங்கரையில் கண்டவையும் பழகியவர்களும்

பாரிஸ் புறநகரிலிருந்து:

பிரான்சில் லுவார் ஆற்றங்கரையில் இருக்கிற அம்புவாஸ் ஊருக்குப் போய் வந்தவர்கள் எழுதுங்கள், நானே தொடங்கிவைக்கிறேன். பாரிஸிலிருந்து பஸ்ஸில் கூட்டிப் போகிறவர்கள் இந்த ஊருக்கு ஒதுக்குவது பெரும்பாலும் அரை நாள். கோட்டையை ஒரு சுற்று, லியோனார்டோ டா வின்சியின் கல்லறை முன் ஒரு படம், அப்புறம் அடுத்த அரண்மனைக்கு ஓட்டம். அப்படிப் பார்க்கிற ஊர் இல்லை இது. ஆற்றோடு சேர்த்துத்தான் அம்புவாஸைப் பார்க்க வேண்டும். ஒரு ராத்திரியாவது தங்குங்கள்.

ரயிலே வசதி. ஆஸ்தர்லிட்ஸ் ஸ்டேஷனில் நேர் வண்டி கிடைத்தால் சுமார் இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். ஸ்டேஷன் வடகரையில், ஊர் தென்கரையில். பாலத்தில் நடந்து வந்தால் நடு ஆற்றில் இல் தோர் என்ற தீவு வரும். 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிராங்குகளின் மன்னன் க்ளோவிஸும் விசிகோத்துகளின் மன்னன் இரண்டாம் அலாரிக்கும் சமாதானம் பேசிய இடம் என்று அந்தத் தீவைச் சொல்வார்கள். இப்போது கூடாரம் போட்டுத் தங்குகிறவர்களும் புல்வெளியில் பந்து விளையாடும் பிள்ளைகளும்தான். தீவின் கரையில் நின்று எதிரே பார்த்தால் கோட்டை மதிலும் அதன் காலடியில் இருக்கும் வெள்ளைக்கல் வீடுகளும் ஒரே பார்வையில் அடங்கிவிடும். கோட்டைக்குள் நிற்பவர்களுக்கு இது கிடைக்காது.

கோடையில் லுவாரில் தண்ணீர் வற்றி மணல் திட்டுகள் எழும். பார்த்தால் இறங்கி நடக்கலாம் போலத்தான் இருக்கும். ஆனால் ஊர்க்காரர் ஒருவரும் இறங்குவதில்லை. ஏன் என்று படகுக்காரரைக் கேட்டேன். பழைய முறையில் கட்டிய, அடிப்பாகம் தட்டையான மரப்படகு அவருடையது. பதில் சொல்லாமல் நீளக் கழியை எடுத்துப் படகின் இடப்பக்கம் ஊன்றினார். முழங்கால் ஆழம். அப்படியே வலப்பக்கம் திருப்பி விட்டார். கழி முழுக்க உள்ளே போய் அவர் கையும் நனைந்தது. திட்டின் ஓரத்தை அடியில் நீரோட்டம் அரித்துக்கொண்டே இருக்கும், மேலே கால் வைத்தால் மணல் சரிந்து ஆளை இழுத்துவிடும் என்றார். போன வாரம் படகு போன தடத்தில் இந்த வாரம் போக முடியாதாம். வசந்த காலத்திலிருந்து கோடை நடுவரை ஆலாப் பறவைகள் அந்தத் திட்டுகளில்தான் முட்டையிடும். கூடு என்று ஒன்றுமில்லை, மணலில் ஒரு சிறு குழி. முட்டையும் மணல் நிறம். மிதித்த பிறகுதான் தெரியும் என்பதால் அந்த மாதங்களில் அங்கே படகைக் கட்டவே கூடாது.

ஞாயிறு காலை தங்கினால் ஆற்றோரச் சந்தையை விட்டுவிடாதீர்கள். சாந்த்-மோர் என்ற ஆட்டுப்பால் சீஸ், சாம்பல் பூசிய நீள உருளையாக இருக்கும், நடுவே ஒரு வைக்கோல் தண்டு ஓடும். கடைக்கார அம்மாள் ஒன்றை உருவித் துடைத்துக் காட்டினார்: தண்டின் மேலேயே பொடி எழுத்தில் சீஸின் பெயர் பொறித்திருந்தது. அசல் என்பதற்கு அதுதான் அடையாளம்.

லண்டனிலிருந்து:

அண்ணா எழுதியது நூற்றுக்கு நூறு சரி. நாங்கள் பிள்ளைகளோடு சைக்கிளில் போனோம். லுவார் நெடுக ஏறக்குறைய 900 கிலோமீட்டருக்கு சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள், அம்புவாஸ் அதன் நடுவில் வருகிறது. சைக்கிள் ஊரிலேயே வாடகைக்குக் கிடைக்கும். ஆற்றுக்கு மேல் பக்கமாக ஷோமோன் வரை ஓட்டினோம். அங்கே 1992இலிருந்து ஆண்டுதோறும் தோட்டத் திருவிழா நடக்கிறது. பாதை முழுக்கச் சமதரை என்று நம்பிப் போகாதீர்கள், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஏற்றமும் உண்டு. காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து அடிக்கும், அதனால் சின்னப் பிள்ளைகள் இருந்தால் மேற்கிலிருந்து கிழக்காக ஓட்டுங்கள்.

சைவச் சாப்பாட்டுக்கு ஒரு வழி: பாறையைக் குடைந்த அறைகளில் உணவகங்கள் இருக்கின்றன. விறகு அடுப்பில் போடும் ஃபுவே என்ற சிறு ரொட்டி நம் பூரி மாதிரி உப்பி வரும். சூடாகப் பிளந்து வெள்ளை பீன்ஸோ ஆட்டுப்பால் சீஸோ வைத்துத் தருவார்கள். பிள்ளைகள் போதும் என்றே சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து லா கூர்நெவில் இருப்பவர்:

எல்லாரும் டா வின்சியைப் பற்றித்தான் கதைக்கிறீர்கள். நான் வேறு ஒருவரைப் பற்றி எழுத வேண்டும்.

கோட்டைக்குள் மேலே ஏறிப்போனால் தோட்டத்தின் ஒரு பக்கத்தில் கல்லறைக் கற்கள் வரிசையாக நிற்கும். மொத்தம் 25. அல்ஜீரியாவில் பிரெஞ்சுப் படையை எதிர்த்துப் பதினைந்து வருடங்கள் நின்ற அமீர் அப்துல் காதிர் 1847 டிசம்பரில் சரணடைந்தார். கிழக்கே முஸ்லிம் நாடு ஒன்றுக்குப் போக விடுகிறோம் என்ற வாக்கை நம்பித்தான் சரணடைந்தார். வாக்குக் காற்றில் போனது. தூலோன், போ என்ற பிரெஞ்சு ஊர்களில் இடம் மாற்றி வைத்து, 1848இல் குடும்பத்தோடும் பரிவாரத்தோடும் இந்தக் கோட்டையில் கொண்டுவந்து அடைத்தார்கள். நான்கு வருடங்கள். அந்தக் காலத்தில் இங்கே செத்துப்போன அவருடைய ஆட்களுக்குத்தான் அந்தக் கற்கள். கைக்குழந்தைகளும் அதில் உண்டு. 1852இல் அன்றைய பிரெஞ்சு அதிபர் லூயி நெப்போலியன் நேரே வந்து விடுதலையை அறிவித்தார். இப்போது இருக்கிற தோட்டத்தை 2005இல் வடிவமைத்தவர் அல்ஜீரியக் கலைஞர் ரஷீத் கொராய்ஷி.

நான் போன நேரம் அங்கே வயதான ஒரு ஐயாவும் அவருடைய பேரனும் நின்றார்கள். லியோனில் இருந்து வந்த அல்ஜீரியக் குடும்பம். ஒவ்வொரு கல்லாகக் குனிந்து, பெயரைப் பெடியனைக் கொண்டு உரத்து வாசிக்க வைத்தார். தடுமாறினால் திருத்திச் சொல்லி, திரும்பவும் வாசிக்க வைத்தார். கடைசிக் கல் வரை விடவில்லை. நான் ஓரமாக நின்றேன். என்னைப் பார்த்து, நீங்கள் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். உங்கள் ஆட்களின் கற்கள் எங்கே இருக்கின்றன என்று அடுத்த கேள்வி. எங்கள் ஊரில் போரில் செத்தவர்களைப் புதைத்த துயிலும் இல்லங்களை இடித்த கதையைச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டு கனநேரம் விடவில்லை. பிறகு மதில் ஓரம் மூன்று பேரும் இருந்து அவர் கொண்டுவந்த பேரீச்சம்பழத்தைச் சாப்பிட்டோம்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் தயவுசெய்து அந்தத் தோட்டத்துக்கும் நேரம் வையுங்கள்.

புதுச்சேரியிலிருந்து:

மேலே எழுதிய ஐயாவின் பதிவைப் படித்துவிட்டு வெகு நேரம் ஒன்றும் எழுத வரவில்லை. நன்றி.

எங்கள் ஊருக்கும் அம்புவாஸுக்கும் ஒரு தொடுப்பு உண்டு. அம்புவாஸுக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் ஷாந்தலூ என்ற இடத்தில் 44 மீட்டர் உயரத்தில் ஏழு நிலைக் கோபுரம் ஒன்று தனியாக நிற்கிறது. சீனப் பாணியின் சாயலில், மேலே போகப் போகக் குறுகும். கட்டியவர் ஷுவாசேல் பிரபு. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1763இல் செய்த பாரிஸ் உடன்படிக்கைப்படி அது பிரான்சுக்குத் திரும்பியது. அந்த உடன்படிக்கைச் சமயம் பிரெஞ்சுப் போர்த்துறையும் கடற்படையும் ஷுவாசேல் கையில்தான் இருந்தன. 1770இல் மன்னர் பதினைந்தாம் லூயி அவரைப் பதவியிலிருந்து இறக்கி ஷாந்தலூவுக்கு அனுப்பிவிட்டார். அரசனின் கோபத்துக்கு அஞ்சாமல் தன்னைத் தேடி வந்த நண்பர்களுக்கு நன்றியாக 1775 முதல் 1778 வரை அவர் எழுப்பியது அந்தக் கோபுரம். அங்கிருந்த அவருடைய அரண்மனையை 19ஆம் நூற்றாண்டில் இடித்து விற்றுவிட்டார்கள். கோபுரம் மட்டும் மிச்சம்.

உள்ளே படி ஏற ஏற இடம் சுருங்கி, கடைசி நிலையில் ஒருவர் இறங்கினால்தான் இன்னொருவர் ஏற முடியும். மேலே நின்றால் ஒரு பக்கம் காடு, மறு பக்கம் லுவார் பள்ளத்தாக்கு. கீழே பெரிய குளம், துடுப்புப் படகு வாடகைக்கு உண்டு. பஸ் கூட்டம் இங்கே எட்டிப் பார்ப்பதே இல்லை. அம்புவாஸில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

பாரிஸ் புறநகரிலிருந்து, மறுபடியும்:

ஐயா, உங்கள் பதிவை வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். அடுத்த முறை மகளை அந்தத் தோட்டத்துக்குக் கட்டாயம் கூட்டிப் போகிறேன்.

கோட்டையில் வேறு என்ன பார்க்கலாம் என்று கேட்டவர்களுக்கு: கோபுரத்தின் உட்புறத்தை. படிக்கட்டே கிடையாது, குதிரை வண்டி ஏறுகிற அகலத்தில் சரிவுப் பாதை சுழன்று சுழன்று மேலே போகும். ஆற்றோரத்திலிருந்து நேரே கோட்டை மேல்தளத்துக்குக் குதிரையிலேயே ஏறியிருக்கிறார்கள். இதே கோட்டையில் பிறந்த பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்ல்ஸ் 1498இல் பந்தாட்டம் பார்க்கப் போகும் வழியில் தாழ்வான நிலைப்படியில் தலை இடித்து, அன்றைக்கே உயிர்விட்டார். டா வின்சி கடைசியாக வாழ்ந்த க்ளோ லூசே வீடு அங்கிருந்து கால்மணி நடைகூட இல்லை. 1516இல் வந்தார், 1519 மே 2இல் அந்த வீட்டில் இறந்தார். பிள்ளைகள் இருந்தால் வீட்டைவிடத் தோட்டத்துக்கு அதிக நேரம் வையுங்கள். அவர் வரைந்த இயந்திரங்களைப் பெரிதாகச் செய்து வைத்திருக்கிறார்கள், சிலவற்றைச் சுற்றி இயக்கலாம்.

பக்கத்திலிருக்கும் ஷெனோன்சோ அரண்மனைக்குப் போகிறவர்கள் கோடையில் ஷேர் ஆற்றில் படகு எடுங்கள். துடுப்புப் போட்டு அரண்மனையின் வளைவுகளுக்கு அடியிலேயே போய் வரலாம். 1940இல் ஜெர்மானியர் பிடித்த பகுதி, பிடிக்காத பகுதி என்று பிரான்சைப் பிரித்த கோடு அந்த ஆற்றோடுதான் ஓடியது. வடக்கு வாசல் ஜெர்மானியர் பிடியில், ஆற்றைக் கடக்கும் நீளக் கூடத்தின் தெற்கு வாசல் அவர்கள் பிடிக்காத பக்கத்தில். அந்தக் கூடம் வழியாகப் பலர் தப்பியிருக்கிறார்கள். தண்ணீர் மட்டத்தைப் பொறுத்துத்தான் படகு விடுவார்கள், முதல் நாளே போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.