வேதனையில் நம்பிக்கை கொடுத்த ஒரு சந்திப்பு: உங்க அனுபவத்தைப் பகிருங்க

ஒலிவ இலை:
ஐசியு வாசல் எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே என் கணவர். சபையிலிருந்து வந்தவங்க எல்லாரும் பைபிள்ல ரோமர் 8:28 வசனத்தைச் சொன்னாங்க, "சகலமும் நன்மைக்கு ஏதுவாக". ஆமென் சொல்லுவேன், நெஞ்சு எரியும். ராத்திரி ஒரு வயசான அம்மா வந்தாங்க. எதுவும் கேக்கல. பைபிளைத் திறந்து 88-ஆம் சங்கீதத்தை முழுசா வாசிச்சாங்க. மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில துதிக்குத் திரும்பிடும், இது திரும்பாது. மூடி வெச்சுட்டு, "இதையும் அவர் வேதத்துல வெச்சிருக்காரும்மா"ன்னாங்க. அப்பதான் எனக்கு அழுகையே வந்தது. என் கணவர் பிழைக்கல. ஜெபிக்கவே முடியாத மாசங்கள்ல அந்தச் சங்கீதத்தை மட்டும் கோபமா, சத்தமா வாசிச்சேன். யாரோ கேக்கறாங்கன்னு இருந்தது.

விசுவாசி:
சகோதரி, கர்த்தர் உங்களைத் தேற்றுவாராக. ஆனா 88-லயே நின்னுடக்கூடாது. ரோமர் 5:3, 4 பாருங்க. உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும் (சோதனையில தேறின குணம்), பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்குது. வேலை போய்க் கடன்ல நின்னப்ப என்னைத் தாங்கினது இதுதான். காலையில எழுந்ததும் முதல்ல துதிங்க. நன்றி சொல்ல ஒரு காரியமாவது தினம் எழுதி வைங்க. தனியா உக்காந்து யோசிக்காதீங்க. சபைக் கூடுகையை விடாதீங்க, பாட முடியலன்னாலும் போய் உக்காருங்க. துக்கத்துல இருக்கிற இன்னொருத்தரைப் போய்ப் பாருங்க, உங்க பாரமும் குறையும்.

சாயங்கால ஜெபம்:
விசுவாசி அண்ணா, அந்த ரோமர் வசனத்தை எழுதின பவுலே, தன்னை முள்ளு மாதிரி குத்தின ஒரு வேதனை நீங்கணும்னு மூணு தரம் வேண்டிக்கிட்டார். முள் போகல, கிருபை போதும்னுதான் பதில் வந்தது. எல்லாத்தையும் இழந்து தவிச்ச யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்களும் ஏழு நாள் பேசாம உக்காந்திருந்தவரைக்கும் சரியாத்தான் இருந்தாங்க. பேச ஆரம்பிச்சதுக்குத்தான் யோபு புத்தகம் 42-ஆம் அதிகாரத்துல தேவன் அவங்க மேல கோபப்படறார்.

எங்க அம்மாவுக்கு எலும்புவரை பரவின புற்றுநோய். பார்க்க வந்த போதகர்கிட்ட, "ஏன் கைவிட்டீர்னு கேட்டா பாவமா ஐயா?"ன்னு கேட்டாங்க. "சிலுவையில அவரே கேட்டாரேம்மா"ன்னார். அம்மா அவரையே பார்த்துட்டு இருந்தாங்க. அன்னிக்கு ரொம்ப நாளைக்கப்புறம் வாய்விட்டு ஜெபிச்சாங்க, முழுக்க முறையீடு. முடிக்கும்போது, "நாளைக்கும் கேப்பேன் ஆண்டவரே"ன்னாங்க. வலி குறையல. ஆனா மறுநாள் நிஜமாவே கேட்டாங்க. எனக்கு நம்பிக்கைன்னா அந்தக் குரல்தான்.

விசுவாசி:
தம்பி, அம்மா கேட்டது சரிதான், அதை மறுக்கல. ஆனா கூடுகையை விடாதீங்கன்னு சொன்னதை மாத்திக்க மாட்டேன். சங்கீதம் வாசிச்ச அந்த அம்மாவும் சபையிலிருந்து வந்தவங்கதானே?

ஒலிவ இலை:
ஆமாண்ணா, எங்க சபைதான். ஆனா அதுவரைக்கும் அவங்ககூட நான் பேசினதே இல்ல.