போர்ன் இரண்டாம் படம்: மொஸ்கோத் துரத்தலா, அந்தப் பெண்ணின் வீடா?

உப்புவெளிக்காரன் | காலை 7.40

நேற்றிரவு திருகோணமலையில் இந்தப் பக்கம் மின்வெட்டு. விடுதியில் தங்கியிருந்தவர்கள் எல்லோரும் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். மடிகணினியில் கொஞ்சம் மின்னேற்றம் மிச்சமிருந்தது. பழைய வட்டுகளைக் கிளறி ‘த போர்ன் சுப்ரீமசி’யைப் போட்டேன். 2004இல் வந்த படம்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நினைவை இழந்த முன்னாள் சிஐஏ கொலையாளி ஜேசன் போர்ன், காதலி மரியுடன் கோவாவில் ஒளிந்திருக்கிறான். பெர்லினில் வேறொருவன் செய்த கொலையில் இவனுடைய கைரேகையை வைத்துவிடுகிறார்கள். பிறகு அவனைக் கொல்ல ஆள் வருகிறது. குண்டு மரியின் மேல் பாய்கிறது, கார் பாலத்திலிருந்து ஆற்றில் விழுகிறது.

இருபது வயதில் மொஸ்கோச் சுரங்கப்பாதைக் கார் துரத்தலுக்காகத்தான் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நேற்று அந்தத் துரத்தல் தொடங்கியதும் எழுந்து போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தது அதற்கு அடுத்த காட்சிக்காக. தோளில் குண்டுக் காயத்தோடு நொண்டிக்கொண்டு ஒரு மாடிக் குடியிருப்புக்குப் போகிறான். தன் முதல் வேலையில் தான் கொன்ற தம்பதியின் மகளுடைய வீடு அது. தாயே தந்தையைச் சுட்டுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டாள் என்று நம்பி வளர்ந்தவளிடம், கொன்றது தான்தான் என்று சொல்லிவிட்டுப் பனிக்குள் நடந்து போகிறான்.

உலகமே வேட்டையாடுகிற ஒருவன் ஓடாமல் இந்த வீட்டைத் தேடிப் போகிறானே, படத்தின் கவர்ச்சி இதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

கோட்டைமான் | காலை 8.15

மறுக்க நான் வந்துவிட்டேன். கவர்ச்சியைப் பற்றிப் பேசுமுன் அந்தப் படத்தில் எதையாவது கண்ணால் பார்க்க முடிந்ததா என்று சொல்லுங்கள். அலை கொந்தளிக்கும் மார்கழிக் கடலில் புறாத்தீவுக்குப் படகில் போன மாதிரி இருந்தது எனக்கு. மியூனிக் வீட்டில் இரண்டு பேர் அடித்துக்கொள்கிறார்கள். ஒருவன் கையில் கத்தி, போர்ன் கையில் சுருட்டிய சஞ்சிகை. எவ்வளவு அருமையான யோசனை! ஆனால் சஞ்சிகை எங்கே பட்டது, கத்தி எங்கே போனது என்று தெரிவதற்குள் வெட்டு, வெட்டு, வெட்டு. டக் லைமன் இயக்கிய 2002 முதற்படத்தில் ஒவ்வோர் அடியும் தெளிவாகத் தெரிந்தது. இரண்டாம் படத்துக்குப் போல் கிரீன்கிராஸ் வந்தார், கமெராவுக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு வந்த சண்டைப் படங்களெல்லாம் அந்தக் காய்ச்சலைத் தொற்றிக்கொண்டு நடுங்கின.

உப்புவெளிக்காரன் | காலை 8.32

காய்ச்சல் வந்த மற்றவர்களுக்காக இந்தப் படம் ஏன் குளிசை போட வேண்டும் தம்பி? கிரீன்கிராஸ் இதற்கு முன் எடுத்த ‘பிளடி சண்டே’யை நினைத்துப் பாருங்கள். 1972 ஜனவரி 30 அன்று வட அயர்லாந்தின் டெரி நகரில் ஊர்வலம் போன மக்களைப் பிரித்தானியப் படையினர் சுட்டதைப் பற்றிய படம். ஊர்வலத்துக்குள் நின்று தோளில் கமெராவைத் தூக்கிக்கொண்டு ஓடியவரின் பார்வை அதில் இருக்கும். அதே பார்வையைத்தான் இங்கே கொண்டுவந்தார். துரத்தப்படுகிறவனுக்கு எந்த அடி எங்கிருந்து வருகிறது என்று தெரியுமா? நமக்கு மட்டும் ஏன் தெரிய வேண்டும்?

கோட்டைமான் | காலை 8.40

அப்படியென்றால் குருடனைப் பற்றிய படத்தில் திரையை மூடிவிடலாமே அண்ணா.

பழைய கொப்பி | காலை 9.05

ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். நாவலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்காததால் எழுதுகிறேன். ரொபர்ட் லட்லம் எழுதி 1986இல் வந்த புத்தகத்துக்கும் இந்தப் படத்துக்கும் தலைப்பைத் தவிர ஒட்டுறவு மிகக் குறைவு. புத்தகத்தில் அவன் பெயர் டேவிட் வெப், பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறான். மரி அவனுடைய மனைவி. அவளைக் கடத்தி, அதை வைத்தே அவனை ஹொங்கொங்குக்கு இழுக்கிறார்கள். அங்கே போர்ன் என்ற பெயரில் கொலை செய்து திரியும் போலியை அவன் பிடித்துக் கொடுக்க வேண்டும். வேட்டையாடப்பட்டவன் தன் நிழலையே வேட்டையாடுகிறான். மரியும் சும்மா இருக்கவில்லை, தன் புத்தியால் தப்பி ஓடுகிறாள்.

படம் என்ன செய்தது? பொருளியல் படித்த அந்தக் கெட்டிக்காரப் பெண்ணைத் தொடக்கத்திலேயே ஆற்றில் தள்ளிவிட்டது. கதாநாயகனுக்குக் கோபம் வர வேண்டும், அதற்கு ஒரு பெண் சாக வேண்டும். தேய்ந்துபோன தடம் இது. லட்லம் 2001இல் இறந்துவிட்டார். இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

உப்புவெளிக்காரன் | காலை 9.30

ஐயா, கோபம் வருவதற்காக அவளைக் கொன்றார்கள் என்றால் அந்தக் கோபம் எங்கே? அவளைச் சாகடித்த சிஐஏ அதிகாரி அபொட்டுக்கு முன்னால் துப்பாக்கியோடு நிற்கிறான், சுடவில்லை. மரி இதை விரும்பமாட்டாள் என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவளைச் சுட்டவன் சுரங்கத்துக்குள் நசுங்கிக் கிடக்கிறான், அவனையும் விட்டுவிட்டு நடக்கிறான். என் எண்ணிக்கையில் இந்தப் படம் முழுக்க அவன் தன் கையால் கொல்வது ஒரே ஒருவனை, அந்த மியூனிக் வீட்டில். கொலையாளியைப் பற்றிய படத்துக்கு இது மிகக் குறைவு.

இன்னொன்று. பாலத்தை நெருங்கும்போது மரியை ஓட்டச் சொல்லி இருக்கை மாறியது அவன்தான். சுடுகிறவன் ஓட்டுநர் இருக்கையைப் பார்த்துச் சுட்டான். அவன் தப்பியதும் அவள் செத்ததும் அந்த ஒரு மாற்றத்தால்தான். யார் மேல் கோபப்படுவான்?

மூதூர் லோஞ்சு | காலை 10.10

எனக்குப் பிடித்த காட்சியை யாரும் சொல்லவில்லை. நேப்பிள்ஸ் துறைமுகத்தில் போர்ன் என்ற பெயரிலுள்ள கடவுச்சீட்டை வேண்டுமென்றே நீட்டிப் பிடிபடுகிறான். தனி அறையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்கிறார்கள். அவன் வாயே திறப்பதில்லை. விசாரிப்பவனின் தொலைபேசி ஒலித்தது, அடுத்த நொடி இரண்டு பேரும் தரையில். முதல் தடவை பார்த்தபோது கைதட்டினேன்.

பிறகு யோசித்தேன். கிண்ணியாவில் பாலம் திறக்காமல் ‘பாதை’ என்ற மிதவைப் படகு ஓடிய காலத்தில் வளர்ந்தவன் நான். மூதூரிலிருந்து பட்டணத்துக்கு வந்து போவதற்குள் எத்தனை சோதனைச் சாவடியில் இறங்கி ஏற வேண்டும்! அடையாள அட்டையை நீட்டும்போதே பதில்களும் தயாராக இருக்க வேண்டும். எங்கே போகிறாய், யார் வீட்டுக்கு, அந்த வீட்டில் எத்தனை பேர், ஏன் இன்று. அம்மா பஸ்ஸுக்குள் வைத்து எனக்கு அவற்றைப் பாடமாக்குவார். வாய் திறக்காமல் உட்காரலாம் என்பது நமக்குக் கனவிலும் வராத துணிச்சல். அதனால்தான் கைதட்டினேன் போலும்.

ஆகவே உப்புவெளி அண்ணாவின் வீட்டுக் காட்சியும் வேண்டாம், கோட்டைமானின் துரத்தலும் வேண்டாம். கேள்வி கேட்கிறவனுக்குப் பதில் சொல்லாமல் இருப்பதுதான் இந்தப் படத்தின் ருசி.

கோட்டைமான் | காலை 10.18

துரத்தல் என்னுடையது என்று யார் சொன்னது? அதையும்தான் பார்க்க முடியவில்லை! மஞ்சள் டாக்ஸி ஒன்று, கறுப்பு ஜீப் ஒன்று, மிச்சமெல்லாம் நொறுங்கிய கண்ணாடி.

வெள்ளைமணல் | பகல் 12.50

வேலைக்கு நடுவே வாசித்துக்கொண்டிருந்தேன். உப்புவெளிக்காரன் அண்ணா அந்த வீட்டுக் காட்சியை உயர்த்திப் பேசுகிறார். எனக்கு அந்தக் காட்சி மேல்தான் கோபம்.

எங்கள் வீட்டில் ஒரு மரணச் சான்றிதழ் இருக்கிறது. மாமாவுடையது. அதில் காரணம் என்று எழுதப்பட்டிருப்பதை வீட்டில் ஒருவரும் நம்பியதில்லை. ஆனால் காணிப் பத்திரம், பிள்ளைகளின் பாடசாலை அனுமதி, எல்லாவற்றுக்கும் அதைத்தான் பிரதி எடுத்துக் கொடுத்தோம். மடிப்பு கிழிந்து, பின்புறம் ஒட்டுத்தாள் போட்டிருக்கிறோம். காகிதத்தில் இருப்பதுதான் நடந்தது என்றாகிவிடுகிறது.

இப்போது படத்துக்கு வருகிறேன். அபொட் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வதைப் போர்ன் ரகசியமாக ஒலிநாடாவில் பதிவு செய்கிறான். அந்த நாடா யாரிடம் போகிறது? சிஐஏ அதிகாரி பமெலா லேண்டியிடம். அமெரிக்காவுக்கு நாடா. பெற்றோரை இழந்தவளுக்கு வெறும் வாய்வார்த்தை. அவள் நாளைக்கு மொஸ்கோவில் ஏதாவது ஓர் அலுவலகத்தில் போய் என்ன சொல்வாள்? காயத்தோடு ஒரு வெளிநாட்டுக்காரன் என் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து சொன்னான் என்றா? தாய் கொலைகாரி என்று எழுதிய காகிதம் அப்படியே இருக்கும். பாரத்தை இறக்கிவைத்துவிட்டு அவன் போய்விட்டான். அவள் இனி அதையும் சுமக்க வேண்டும்.

பழைய கொப்பி | பகல் 1.15

பிள்ளை, நாவலுக்காக நான் செய்த வாதத்தை விட்டுவிடுகிறேன். மூன்று தடவை பார்த்தும் அந்த நாடாவை நான் யோசிக்கவில்லை.

உப்புவெளிக்காரன் | பகல் 2.05

அரை மணி நேரமாக எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன். நாடாவைப் பற்றி உங்களுக்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை தங்கச்சி. ஆனால் ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுக்க வேண்டாம். காகிதம் மாறாது என்பது உறுதி. அப்படியிருக்க, ஒருவன் உங்கள் வீட்டுக்கு வந்து, கையெழுத்தில்லாமல், சாட்சியில்லாமல், நடந்ததை மட்டும் சொல்லிவிட்டுப் போனால்? அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம் என்று மாமி சொல்வாரா?

கோட்டைமான் | பகல் 2.11

இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

வெள்ளைமணல் | மாலை 5.40

வீட்டுக்கு வந்து மாமிக்குக் கதையைச் சொன்னேன். துப்பாக்கி, கார் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, வீட்டுக் காட்சியை மட்டும். அங்கே மேசையில் அந்தக் குடும்பத்தின் புகைப்படம் ஒன்று இருக்கும்; அது உனக்கு அவ்வளவு முக்கியமா என்று போர்ன் கேட்பான், வெறும் படம்தானே என்பாள். அதையும் சொன்னேன்.

மாமி முதலில் கேட்டது, “அந்தப் பிள்ளை அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாளா?” என்று. இல்லை என்றேன். “காயத்தோடு வந்தவன்தானே” என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நானும் கொடுத்திருக்கமாட்டேன். ஆனால் இருத்தி வைத்து எல்லாவற்றையும் கேட்டிருப்பேன். எத்தனை மணிக்கு, கடைசியாக என்ன சொன்னார் என்று எல்லாம்” என்றார்.

அண்ணாவுக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது. மீதிப் பாதியில் நான் மாறவில்லை. நாடாவை இரண்டு பிரதி எடுத்திருக்கலாம். வட்டை ஒரு நாளைக்குத் தர முடியுமா? மாமி பார்க்க வேண்டுமாம்.

உப்புவெளிக்காரன் | மாலை 6.02

நாளைக்கு மரக்கறி வாங்கப் பட்டணத்துக்கு வருவேன், கொண்டுவருகிறேன். சுரங்கத் துரத்தலில் ஒரு கீறல் இருக்கிறது, அங்கே நின்றுவிடும். ஒரு காட்சி முன்னே தள்ளிப் போடுங்கள்.