அச்சாகி முடிந்த புத்தகத்தில் ஒரு பக்கத்தை மட்டும் மாற்ற முடியுமா? (நாவலுக்காக)

நாவல்பணி:
ஒரு சிறு பதிப்பகத்தைச் சுற்றி நடக்கும் நாவல் எழுதுகிறேன். ஈய எழுத்தைக் கையால் கோத்து அச்சடித்த காலம். 1,000 பிரதி அச்சாகி, தைத்து, அட்டையும் போட்டாகிவிட்டது. வெளியீட்டுக்கு முந்தின இரவு, 97ஆம் பக்கத்தில் ஒரு வாக்கியத்தை எழுத்தாளருக்குத் தெரியாமல் பதிப்பாளர் மாற்றிவிடுகிறார். பைண்டர் மட்டுமே உடந்தை. ஒரு ஃபாரம் (ஒரே பெரிய தாளில் அச்சிட்டு மடித்த கட்டு) 16 பக்கம் என்று வைத்திருக்கிறேன். நம்பும்படி இருக்குமா? எழுத்தாளர் எதைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்?

ஏழாம்ஃபாரம்:
மாற்றலாம், ஆனால் ஒரே இரவில் ஒரே ஆளால் நடக்காது. 97இன் பின்புறம் 98. ஆக இரண்டு பக்கத்தையும் புதிதாகக் கோக்க வேண்டும். சிறு அச்சகத்தில் எழுத்து குறைவு என்பதால், ஃபாரம் அச்சாகி முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்து கேஸில் (எழுத்து வைக்கும் அறைப்பெட்டியில்) போட்டுவிடுவார்கள். பைண்டிங் வரை பழைய பக்கம் கோத்தபடி காத்திருக்காது. எனவே எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டரும் கதைக்குள் வந்தாக வேண்டும்.

ஆறு ஃபாரத்துக்கு 96 பக்கம், அதனால் 97 ஏழாவது ஃபாரத்தின் முதல் பக்கம். 97-98 தாளும் 111-112 தாளும் மடிப்பில் சேர்ந்த ஒரே துண்டு. 97ஐ அடியோடு கிழித்தால் 111 கழன்று வரும். ஆகவே பைண்டர் முதுகோரமாக அரை சென்டிமீட்டர் விட்டுக் கத்தியால் அறுத்து, அந்தக் கீற்றின் மேல் புதுத் தாளை ஒட்டுவார். பசையில் தண்ணீர் கூடினால் தாளில் சுருக்கம் விழும், பக்கத்துத் தாளும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். தாளின் நார் முதுகுக்கு இணையாக ஓடாவிட்டால் அலையலையாக நெளியும். புத்தகம் ஏற்கெனவே ஓரம் வெட்டியது என்பதால், புதுத் தாள் இம்மியளவு நீண்டோ குறைந்தோ நிற்கும். உங்கள் எழுத்தாளர் விரலால் ஓரத்தைத் தடவினாலே போதும்.

பிரதிக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால்கூட 16 மணி 40 நிமிடம் ஆகும். நான்கு பேராவது வேண்டும், இல்லையென்றால் வெளியீட்டைத் தள்ளிப்போடுங்கள்.

மெய்ப்புமேசை:
மேலே சொன்னது சரி. இதைவிடப் பெரிய சிக்கல் வாக்கியத்தில் இருக்கிறது. 98இன் கடைசி வரி பெரும்பாலும் பாதி வாக்கியத்தில் நின்று 99க்குத் தாவும். எனவே மூன்று வரி எடுத்தால் மூன்று வரி போட்டாக வேண்டும். சொல் இடைவெளியைக் கூட்டிக் குறைத்துச் சில எழுத்துகளைச் சமாளிக்கலாம், ஒரு வரியையே சமாளிக்க முடியாது. ஆக, பதிப்பாளர் வெறுமனே நீக்கிவிட முடியாது. எழுத்தாளரின் நடையில் மூன்று வரி எழுதியாக வேண்டும். நாவலின் உயிரான இடம் இதுதான் என்பேன், அந்த இரவை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள்.

நாவல்பணி:
அருமை! எழுத்தாளரிடம் பழைய கேலி புரூஃப் இருக்கிறது, 97ஆம் பக்கத்தை அதோடு ஒப்பிடுகிறார் என்று வைக்கலாமா?

மெய்ப்புமேசை:
கேலி என்பது பக்கம் பிரிக்காத நீளத் தாள், அதில் 97 என்ற எண்ணே இருக்காது. பேஜ் புரூஃப் (பக்கம் பிரித்து எடுத்த மெய்ப்பு) என்று மாற்றுங்கள். 'அச்சிடலாம்' என்று அவர் கையெழுத்திட்ட படி அச்சகத்துக்குத் திரும்பிவிடும், அதனால் அவரிடம் இருப்பது இரண்டாம் படியாக இருக்கட்டும்.

ஏழாம்ஃபாரம்:
மதிப்புரைக்கென்று முன்கூட்டியே போன பிரதிகளையும் மறக்காதீர்கள். அவற்றில் பழைய வாக்கியம் அப்படியே இருக்கும், பதிப்பாளர் ஒவ்வொன்றாகத் தேடிப்போய்த் திரும்ப வாங்க வேண்டியிருக்கும்.