பள்ளியிலிருந்து வரும் செய்தி வீட்டில் யார் கைக்குப் போகிறது? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

இரண்டாம் வகுப்பு டீச்சர்

நேற்று மாலை மணி அடித்த பிறகு நடந்தது. எழுதிவிட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி என்றால் உங்களுக்கே தெரியும், பாதிப் பிள்ளைகளை அழைத்துப்போக வருவது பாட்டிகள்தாம். அவர்களில் ஒருவர் வாசலில் நின்று சுருக்குப் பையைத் திறந்தார். வெற்றிலைக்கும் பாக்குக்கும் நடுவிலிருந்து, நான்காக மடித்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் வைத்தார். ஜூன் மாதத்திலிருந்து பேத்தியிடம் நான் கொடுத்தனுப்பிய அத்தனை சீட்டும் இருந்தன. ஓரமெல்லாம் சுண்ணாம்பு.

"டீச்சரம்மா, இதில் எதற்குப் பணம் கட்ட வேண்டும்?" என்று கேட்டார்.

ஒன்றிலும் பணப் பேச்சே இல்லை. ஒன்று குடற்புழு மாத்திரை கொடுக்கும் நாளைப் பற்றியது. இன்னொன்று, நகம் வெட்டி அனுப்பச் சொன்னது. கடைசிச் சீட்டு பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கானது, தேதி கடந்துபோயிருந்தது. அதைப் படித்துக் காட்டியதும், "கூட்டத்துக்கு நான் வரலாமா?" என்றார். பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் திருப்பூரில் இருக்கிறார்கள். நாங்கள் 'பெற்றோர் தவறாது வரவும்' என்றுதான் அச்சடித்திருந்தோம். யாரோ படித்துச் சொல்லியிருந்தாலும் அந்தப் பாட்டி வந்திருக்க மாட்டார்.

டைரியில் கையெழுத்து இருந்தால் வீட்டில் படித்துவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன். இத்தனை நாளும் கையெழுத்துப் போட்டது பேத்திதான்.

நெடுஞ்சாலைக்காரன்

டீச்சர், உங்கள் சீட்டாவது வீடு போய்ச் சேர்ந்தது. எங்கள் பள்ளியில் எல்லாமே வாட்ஸ்அப் குழுதான். போன வருடம் ஐப்பசி மழையில் கலெக்டர் விடுமுறை அறிவித்தார். வகுப்பாசிரியர் காலை 6.10க்கே குழுவில் போட்டுவிட்டார். நான் கிருஷ்ணகிரி தாண்டி லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். டீ குடிக்க நிறுத்தியபோது மணி ஒன்பதரை. காலை வணக்கப் படங்கள், பிறந்தநாள் வாழ்த்துகள் எல்லாவற்றையும் தள்ளித் தள்ளி அந்தச் செய்தியைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது.

என் மனைவியிடம் போன் கிடையாது. பையனைப் பள்ளித் தெருமுனையில் விட்டுவிட்டு ஏழரைக்கெல்லாம் பூப்பறிக்கப் போய்விடுவாள். எங்கள் ஊரில் அன்று தூறல்கூட இல்லை, அவளுக்கு எப்படிச் சந்தேகம் வரும்? பூட்டிய கேட்டின் முன்னால் பையன் பையை மாட்டியபடியே நின்றிருக்கிறான். எதிர்த்த டீக்கடைக்காரர் பார்த்து, உள்ளே உட்காரவைத்து, பன் வாங்கிக் கொடுத்து, மதியம் வரை வைத்திருந்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை. "அப்பா, எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது" என்று சாயங்காலம் போனில் சொன்னான். இப்போதும் அது என் காதிலேயே இருக்கிறது.

செம்பருத்தி

நெடுஞ்சாலை அண்ணா, வருத்தம் புரிகிறது. ஆனால் 6.10க்கே செய்தி வந்துவிட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆசிரியர் வேறு என்ன செய்ய முடியும்? உங்கள் எண்ணை மட்டும் பள்ளியில் கொடுத்துவிட்டு ஊர் ஊராகப் போகிறவர் நீங்கள். குழுவில் வாழ்த்துப் படம் போடுகிறவர்களும் பெற்றோர்தாம். அந்தக் குழுவை நான் குறை சொல்லமாட்டேன், எனக்கு அதனால் நன்மைதான்.

என்னை உறுத்துவது, செய்தி வந்தும் பொருள் புரியாமல் போனது. சின்ன வகுப்புகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்றுக்கொடுக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த முதல் வருடம், 2022. என் மகள் மூன்றாம் வகுப்பு. கொரோனாவில் ஒன்றாம் வகுப்பும் வீட்டிலேயே, இரண்டாம் வகுப்பில் பாதியும் வீட்டிலேயே. குழுவில் ஒரு பட்டியல் வந்தது: அரும்பு, மொட்டு, மலர். அவள் பெயர் அரும்பில் இருந்தது. அரும்பு என்றால் மக்குப் பிள்ளைகளின் வரிசை என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். அன்று இரவு அவளை அடித்துவிட்டேன். சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, "அம்மா, அரும்புதானே பூவாகும், டீச்சர் சொன்னாங்க" என்று அழுதாள்.

குழந்தைக்குச் சொல்லியிருக்கிறார்கள், எனக்குச் சொல்லவில்லை. அடுத்த வாரம் நானே போய்க் கேட்ட பிறகுதான் விளங்கியது. எந்த இடத்தில் நிற்கிறாளோ அங்கிருந்து கற்றுக்கொடுப்பதற்காகப் பிரித்தார்களாம். கணக்கில் அவள் மொட்டு. இந்த இரண்டு வரியைப் பட்டியலோடு சேர்த்து எழுதியிருந்தால் என் கை ஓங்கியிருக்காது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

என் அனுபவம் சிறியது. ஒருமுறை கூட்டத்தைப் புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு வைத்தேன். நான்கு பேர் வந்தார்கள். அவர்களில் ஒரு தாய், "சார், நூறு நாள் வேலையில் இன்று எனக்கு ஆப்சென்ட் போட்டுவிடுவார்கள், சீக்கிரம் சொல்லிவிடுங்கள்" என்றார். நான் அரை மணி நேரம் பேசினேன்.

இனிப் பொதுவாகச் சில சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோரோ பாதுகாவலரோ இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். சட்டமே பாதுகாவலர் என்கிறது. முதலில் எழுதிய டீச்சரின் பள்ளிக்கு அந்தப் பாட்டி தாராளமாக வரலாம், சீட்டில் அந்தச் சொல்லையும் சேருங்கள். 2022 மார்ச் 20 அன்று மாநிலம் முழுக்க அரசுப் பள்ளிகளில் பெற்றோரை அழைத்தார்களே, அது ஞாயிற்றுக்கிழமை. கூலிக்குப் போகிறவர்களுக்குக் கிழமைதான் முக்கியம். கூட்டம் என்றால் கூலி போகாத நாளும் நேரமும் பாருங்கள். ஒரு சீட்டில் ஒரு சேதிதான் இருக்க வேண்டும். ஐந்து சேதியை ஒரே தாளில் அடைத்தால் ஐந்தும் போய்ச் சேராது. வாசல் அருகே கரும்பலகை வைத்து, நாளைக்கு என்ன என்பதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு மணி அடித்ததும் வாசலில் நின்று வாயால் சொல்லுங்கள், இரண்டு நிமிடம்தான் ஆகும். சேர்க்கை நாளிலேயே பள்ளி எத்தனை மணிக்கு, சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு, மாத்திரை ஏன் கொடுக்கிறோம், தாமதமானால் என்ன செய்வது என்பதையெல்லாம் பேசிவிட வேண்டும். பிள்ளை தவறு செய்த பிறகு விதியைச் சொன்னால் அது புகாராகத்தான் கேட்கும்.

செம்பருத்தி

ஐயா, எல்லாம் சரிதான். ஆனால் அந்தத் தாய்க்கு அன்று ஆப்சென்ட் போட்டார்களா, இல்லையா? அதைச் சொல்லவில்லையே.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

போட்டார்கள், அம்மா. அதனால்தான் இன்னும் நினைவிருக்கிறது.

அடுப்படி

நான் பள்ளியில் பிள்ளைகளுக்குக் காலை உணவு சமைக்கிறவள். மகளிர் சுய உதவிக் குழு. எங்கள் பள்ளிக்கு அரசின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல். ஒன்றாம் வகுப்பில் ஒரு பையன் மட்டும் தினமும் தட்டை எடுக்காமல் தூண் ஓரமாக நிற்பான். சாப்பிட்டு வந்திருப்பான் என்று நானும் விட்டுவிட்டேன். ஒரு புதன்கிழமை பொங்கல் பரிமாறும்போது அவன் வாய் அசைவதைப் பார்த்தேன். மற்ற பிள்ளைகள் மெல்லும்போது இவனும் வெறும் வாயை மெல்கிறான்.

கூப்பிட்டுக் கேட்டால், "எங்க அம்மா பேர் கொடுக்கல" என்றான். அந்தத் தாய் செங்கல் சூளைக்கு விடியுமுன் போகிறவர். ரேஷன் கடை மாதிரி இதற்கும் பெயர் பதிய வேண்டும், ஆதார் வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைக்கும் உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஐந்து வாரம் அவன் மதியம் வரை பட்டினி. நானும் அங்கேதான் இருந்தேன், கையில் கரண்டியோடு.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குச் சூளைக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். அங்கே இன்னும் மூன்று தாய்மார் அதையே கேட்டார்கள்.

இரண்டாம் வகுப்பு டீச்சர்

அடுப்படி அக்கா, நாளைக்கு என் வகுப்பில் யார் தட்டு எடுக்கவில்லை என்று முதலில் பார்க்கிறேன்.

நெடுஞ்சாலைக்காரன்

செம்பருத்தி தங்கச்சி, நீங்கள் சொன்னது உண்மைதான், தவறு என்னுடையது. மறுவாரமே பள்ளிக்குப் போய் இரண்டாவது எண்ணாக டீக்கடைக்காரர் எண்ணைப் பதியச் சொன்னேன். உறவுமுறை என்ன என்று கேட்டார்கள். மாமா என்று எழுதச் சொன்னேன்.